அப்பாவின் முதுகில் 1959

2022ஆம் ஆண்டு தை மாதம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது வயலில் உளுந்து தெளித்துவிட்டு வந்த அப்பா, கால் கழுவியதும் சட்டையைக் கழற்றித் திண்ணையில் போட்டார். "சட்டை பட்டாலே எரியுது பாப்பா. மூட்டை தூக்குனதுல விலா பிடிச்சிருக்கும்" என்றார். அம்மா தைலம் எடுத்து வந்து தேய்க்கப் போனார். கை பட்டதும் அப்பா துள்ளிவிட்டார். வலி என்று வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவர். கருக்கரிவாள் பட்டு விரல் பிளந்தபோதும் துணியைச் சுற்றிக்கொண்டு கதிர்க்கட்டு தூக்கியவர்.

இரண்டு நாள் வெறும் எரிச்சல்தான். மூன்றாம் நாள் காலை முதுகைப் பார்த்தேன். முதுகெலும்பை ஒட்டிச் சிவந்த திட்டு. அதன்மேல் கடுகு கடுகாக நீர் கோத்த கொப்புளங்கள். அங்கிருந்து வலது விலாவைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, மார்புக்குக் கீழே நடுக்கோட்டில் வரப்பு போட்டது போல நின்றிருந்தன. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். ஏதோ பூச்சி கடித்த அலர்ஜி என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அக்கிடீ. வேளாரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லு."

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. அக்கி எழுதும் வழக்கம் இங்கே இன்னும் விட்டுப்போகவில்லை. பானை வனையும் வேளார் சாயங்காலம் வந்தார். காவிக்கல்லைக் கல்லில் உரைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, கோழி இறகால் கொப்புளங்களைச் சுற்றிக் கோடு இழுத்தார். பிறகு கோட்டுக்குள் முழுக்கப் பூசினார். குளிர்ச்சி பட்டதும் அப்பா முதல் முறையாக மூச்சை நன்றாக விட்டார். "ரெண்டு முனையும் சேரக் கூடாதுங்க. சேந்துட்டா ஆபத்து. அதுக்குத்தான் இந்த வேலி" என்றார் வேளார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். அந்தக் காவிக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டை மட்டும். பாடப்புத்தகத்தில் நரம்புகளின் படம் போடும்போது நானே கரும்பலகையில் வரைந்த பட்டை அது. மறுநாள் திருவாரூருக்குக் கூட்டிப்போனோம். கொப்புளம் தெரிந்து ஐந்தாம் நாள் ஆகியிருந்தது. டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல அம்மை போட்டுச்சா ஐயா?"

"போட்டுச்சு. ஐம்பத்தொம்பதுல. ரெண்டாம் கிளாஸ் படிக்கறப்ப. மூணு தண்ணி ஊத்துனாங்க."

"அதுதான் இது" என்றார் டாக்டர்.

அதன் மாதிரி வேறொன்று என்றோ, அதன் உறவு என்றோ அவர் சொல்லவில்லை. அதே வைரஸ்தான். 63 வருஷம் அப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வகுப்பில் பத்து முறை நடத்திய விஷயம்தான், ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

சின்னம்மை வந்தபோது ஏழு வயதுப் பையனின் தோலிலிருந்து வைரஸ் நரம்பு வழியாக மேலேறியிருக்கும். முதுகுத்தண்டின் இரு பக்கமும் ஒவ்வொரு நரம்பின் வேரிலும், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, நரம்பணுக்கள் திரண்ட முடிச்சு ஒன்று இருக்கிறது. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று வேப்பிலையைக் கொண்டுபோய் ஆற்றில் விட்ட பிறகும், முடிச்சுக்குள் போனது போனதுதான். அங்கே அது முழு வைரஸாக இருப்பதில்லை. உறை கிடையாது, புதிய துகள்கள் கிடையாது. நரம்பணுவின் உட்கருவுக்குள் டிஎன்ஏ மட்டும் வளையமாகச் சுருண்டு கிடக்கும். ஏறக்குறைய எல்லா மரபணுக்களும் வாய் மூடியிருக்கும். உடம்பின் காவல் அணுக்கள் தேடுவதெல்லாம் வைரஸின் புரதங்களைத்தான். புரதமே செய்யாமல் கிடப்பதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

வயதானால் அந்தக் காவல் தளர்கிறது. அப்போது ஏதோ ஒரு முடிச்சில் வைரஸ் விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கி வருகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை. ஒரு மடையைத் திறந்தால் அந்த மடைக்குப் பாத்தியப்பட்ட வயல்களில்தான் பாயும். அப்பாவின் விலாவில் திறந்தது ஒரே ஒரு மடை. அந்த நரம்பின் பாசனம் நடுமுதுகில் தொடங்கி நடு மார்பில் முடிகிறது. எதிர்ப்பக்கத்துக்கு வேறு நரம்பு, வேறு மடை. வேளார் சொன்ன இரண்டு முனையும் சேராமல் இருப்பது அதனால்தான். காவிக்கோடு இல்லாவிட்டாலும் சேராது. ஆனாலும் அந்த எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக ஒரு பூச்சும், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கவனிக்க ஒரு மனிதரும் கிடைத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குறை எங்கள் மீதுதான், நாள் கடத்திவிட்டோம். அசைக்ளோவிர் மாத்திரை, 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப்பலன். அப்பாவுக்குக் கொப்புளம் இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிட்டது. நரம்பு வலி மட்டும் எட்டு மாதம் இருந்தது. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, ஈரத்துண்டை விலாவில் வைத்துக்கொண்டு, விடியும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஐம்பது தாண்டியவர் யாருக்காவது ஒரு பக்கமாகப் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நெற்றியிலோ கண்ணோரத்திலோ மூக்கு நுனியிலோ வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. அக்கி எழுதுவதென்றால் மாத்திரையைத் தொடங்கிவிட்டு எழுதிக்கொள்ளலாம்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார், "இதோட அது ஒழிஞ்சுடுமா?" ஒழியாது என்றேன். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது குறுக்கே நிற்கிற மருந்து அது. படியெடுக்காமல் சும்மா கிடக்கிற வைரஸை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "கோரை மாதிரின்னு சொல்லு. மேல அறுத்தா கிழங்கு உள்ள கிடக்கும்."

இதைவிடச் சரியாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அக்கியும் சின்னம்மையும் ஒன்று என்று அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் கிராமத்து டாக்டர் மாதிரி ஒருவர்தான். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். 16 ஆண்டுகள் தன்னிடம் வந்த அக்கி நோயாளிகள் 192 பேரைக் குறித்து வைத்து, 1965இல் எழுதினார்: அக்கி வெளியிலிருந்து தொற்றுவதில்லை, சிறுவயது அம்மையின் வைரஸ் உள்ளிருந்து எழுவது. சோதனைக்கூடத்தில் அது உறுதிப்பட 1984 ஆனது. ஒரே நோயாளிக்கு அம்மையிலும் பிறகு அக்கியிலும் எடுத்த வைரஸின் டிஎன்ஏயை வெட்டிப் பார்த்தபோது, இரண்டும் ஒரே மாதிரித் துண்டுகளாக விழுந்தன.

ஹோப்-சிம்ப்சன் இன்னொன்றையும் யோசித்தார். மணல்வாரி (தட்டம்மை) வைரஸ் ஓரிடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் லட்சக்கணக்கான மக்கள் கூடி வாழ வேண்டும். எப்போதும் புதிய குழந்தைகள் கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் அது அணையாமல் இருக்கும். சின்னம்மைக்கு அது தேவையில்லை. சில நூறு பேர் இருக்கிற தீவு போதும். எல்லாருக்கும் வந்து போய், ஊரே தெளிந்த பிறகு, ஐம்பது வருஷம் கழித்து ஒரு பாட்டிக்கு அக்கி வரும். அதிலிருந்து பேரனுக்கு அம்மை. நகரங்களே இல்லாத காலத்தில், சிறுசிறு கூட்டமாக மனிதர்கள் திரிந்தபோதும் இந்த வைரஸ் கூடவே வந்தது இப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு காலம் கூடவே இருக்கிற வைரஸ் எவ்வளவு மாறியிருக்கும்? இங்கேதான் எனக்கு வியப்பு. இதன் மரபுத்தொகுதியை 1986இல் முழுதாகப் படித்தார்கள். 1,24,884 எழுத்துகள், எழுபது மரபணுக்கள் அளவில். உலகின் வேறு வேறு மூலைகளிலிருந்து எடுத்த வைரஸ்களை ஒப்பிட்டால் ஆயிரம் எழுத்துக்கு ஒன்றிரண்டுதான் வேறுபடுகிறது. கொரோனா காலத்தில் மாதத்துக்கு ஒரு புதுப் பெயர் கேட்டுப் பழகிய காதுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

தஞ்சாவூர் சரசுவதி மகாலில் சுவடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வைரஸ் ஞாபகம் வருகிறது. ஓலை இற்றுப்போவதற்குள் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுத வேண்டும். எழுதும்போது ஒரு கொம்பு விடும், ஒரு புள்ளி போகும். அதைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதுவார். இப்படித்தான் பாடபேதம் வருகிறது. ஆர்என்ஏ வைரஸ்கள் பெரும்பாலும் அவசரத்தில் எழுதுகிற கை; எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சின்னம்மை போன்ற இரட்டை இழை டிஎன்ஏ வைரஸ்களின் படியெடுக்கும் நொதி, எழுதிய எழுத்தைச் சரிபார்த்துத் தப்பானதை அழித்துவிட்டு மேலே போகும். அதைவிட முக்கியமான இன்னொன்று: படியெடுக்காத ஓலையில் புதுப்பிழை ஏறாது. நரம்பணு பிரிந்து பெருகாது. அதற்குள் கிடக்கிற வைரஸும் படியெடுக்க வேண்டியதில்லை. அப்பாவின் முதுகில் 63 வருஷம் பரணில் கிடந்த ஏடு அது. 1959இல் பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ வந்த அதே எழுத்து, அதே வரி.

அந்த வருஷம் எங்கள் உளுந்தும் போயிற்று. அறுப்பு முடிந்து ஒரு மாதம் ஆகும்போது வயலின் வடமூலையில் பத்துச் செடி மஞ்சளாகத் தெரிந்தது. கிட்டப்போய் ஓர் இலையைத் திருப்பினேன். மேலே பச்சையும் மஞ்சளும் கட்டம் கட்டமாக. கீழே, நரம்பை ஒட்டி, அரிசிக் குருணையிலும் சிறியதாக வெள்ளை ஈக்கள். இலையைத் தட்டியதும் மாவு தூவியது போலப் பறந்தன. பத்து நாளில் அரை வேலி மஞ்சள். மஞ்சள் தேமல் நோய். இதுவும் டிஎன்ஏ வைரஸ்தான். ஆனால் இதன் குணம் முற்றிலும் வேறு.

அதன் டிஎன்ஏ ஒற்றை இழை. இரண்டு சிறு வளையங்கள், ஒவ்வொன்றும் 2,700 எழுத்து அளவு. சொந்தமாகப் படியெடுக்கும் நொதிகூடக் கிடையாது, செடியின் நொதியையே பிடித்து வேலை வாங்கிக்கொள்ளும். ஒற்றை இழை சீக்கிரம் சிதையும், எழுத்து மாறும். இதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளி இலைச்சுருட்டை வைரஸை அளந்தவர்கள், அது மாறுகிற வேகம் ஆர்என்ஏ வைரஸ்களுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்டார்கள். போதாததற்கு, ஒரே செடியில் இரண்டு வகை வைரஸ் ஏறினால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஒன்றின் வளையம் மற்றொன்றோடு போய்ச் சேரும். புதுக்கோட்டைப் பக்கம் வம்பனில் இருக்கிற பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து தேமலைத் தாங்கும் ரகம் வெளியிடுகிறார்கள், நாமும் வாங்கி விதைக்கிறோம். ஆனால் எதிரில் நிற்பது நின்ற இடத்தில் நிற்பதில்லை. ரகம் கொண்டுவருகிறவர்களின் வேலை ஏன் முடிவதே இல்லை என்று அந்த மஞ்சள் வயலில் நின்றபோது புரிந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்தேன். உளுந்துச் செடியின் ஆயுசு 70 நாள். அதற்குள் ஒளிந்து உட்கார்ந்து என்ன பயன்? செடி காய்ந்தால் கூடவே போக வேண்டியதுதான். ஈயின் உடம்பில் ஏறி அடுத்த செடிக்கு, வரப்புக் களைக்கு, அங்கிருந்து கோடைப் பயறுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிற வழியெல்லாம் புது இடம், புதுத் தடை, அதனால் மாற்றம். மனிதனின் ஆயுசு 70 வருஷம். அதற்குள் ஓர் அமைதியான முடிச்சு கிடைத்தால் அவசரமே இல்லை. எங்கே குடியிருக்கிறதோ அதன் ஆயுசுக்குத் தகுந்தாற்போல வைரஸ் தன் இருப்பை வைத்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா வைரஸுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது.

கொல்லையில் இருக்கிற பூவன் வாழை இதற்கு இன்னொரு படி மேலே. வாழையடி வாழை என்கிறோமே, பக்கக்கன்று வழியாக ஒரே உயிர் சாகாமல் போய்க்கொண்டிருக்கிறது. வாழையின் காட்டு மூதாதைகளில் ஒன்றின் குரோமோசோமுக்குள்ளேயே, இலையில் கோடு கோடாக மஞ்சள் விழச் செய்யும் டிஎன்ஏ வைரஸின் துண்டுகள் தைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மூதாதையின் வழிவந்த கலப்பின ரகங்கள் சிலவற்றில், செடிக்கு நெருக்கடி வந்தால், குறிப்பாகத் திசுவளர்ப்பில் போட்டால், உடைந்து கிடக்கும் துண்டுகள் ஒட்டிச் சேர்ந்து முழு வைரஸாக எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஈயும் பூச்சியும் கொண்டுவர வேண்டியதே இல்லை. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் திசுவளர்ப்புக் கன்றுகளை வைரஸுக்குச் சோதித்துச் சான்று தருகிறார்கள். கன்று வாங்கும்போது அந்தச் சான்றைக் கேட்டு வாங்குவது நல்லது. மனிதரிலும் இப்படி ஒன்று உண்டு. அம்மை வைரஸின் தாயாதியான ஒன்று, நூற்றில் ஒருவர் அளவில், குரோமோசோமின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பிறப்போடு வருகிறது.

வைசூரிக்கு, அதாவது பெரியம்மைக்கு, மட்டும் இப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அப்பாவின் சின்னப்பாட்டிக்கு முகமெல்லாம் குழி. வைசூரி போட்டுப் பிழைத்தவர். அதுவும் டிஎன்ஏ வைரஸ், மாறத் தெரியாத வைரஸும் அல்ல. அதன் உறவான வாக்சினியாவை 2012இல் நெருக்கிப் பார்த்தார்கள். உடம்பின் தடுப்பை எதிர்க்கிற மரபணு ஒன்றை அது பல படிகளாகப் பெருக்கிக்கொண்டது. அவற்றில் ஒன்றில் தோதான மாற்றம் விழுந்ததும் மற்றவற்றைக் கழற்றிவிட்டது. நெருக்கி விதைத்து, தேறியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கலைத்துவிடுகிற மாதிரி. ஆனால் வைசூரி, பிழைத்தவர் உடம்பில் தங்காது. மிருகங்களிலும் அதற்கு வீடு இல்லை. நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டதும் போக வழியில்லாமல் நின்றுவிட்டது. இந்தியாவில் 1975இல் கடைசி நோயாளி; 1980இல் உலகம் முழுக்க ஒழிந்தது என்று அறிவித்தார்கள். வலங்கைமானிலும் புன்னைநல்லூரிலும் மாரியம்மன் முன்னால் கண்ணீரோடு நின்ற எத்தனையோ தலைமுறைகளின் பயம் அது. போய்விட்டது. சின்னம்மையை அப்படி ஒரே மூச்சில் ஒழிக்க முடியாது. இன்றைக்கு ஊரில் ஒரு குழந்தைக்கும் அம்மை இல்லை என்றாலும், சின்ன வயதில் அம்மை போட்டு, இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு பெரியவரின் முதுகிலும் அது இருக்கிறது.

இது எனக்கு வெறும் பாடமாக இல்லாமல் போனதற்குக் காரணம் என் தங்கை மகன். பொங்கலுக்கு வந்தவன் தாத்தாவை விட்டு நகரவில்லை. நாலு வயது. ராத்திரி அவர் பக்கத்தில்தான் படுக்கை. கொப்புளத்து நீர் பட்டால் அம்மை வராத பிள்ளைக்கு அம்மை வரும் என்பது ஐந்தாம் நாள் டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, அவனுக்குப் போட்டிருக்கவில்லை. அவன் ஊருக்குப் போகாமல் இங்கேயே வைத்துக்கொண்டோம். பதினைந்தாம் நாள் காலையில் காய்ச்சல். சாயங்காலம் வயிற்றில் முதல் முத்து. அம்மா வாசலில் வேப்பிலை செருகினார். தாளிப்பு நின்றது. இளநீரும் நுங்குக்குப் பதில் தர்ப்பூசணியும். தங்கை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, அவளுக்கு அந்த உரிமை உண்டு.

வேப்பிலைக் கொத்தால் அவன் காலை மெல்லத் தடவிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தன் விலா வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்ததும் பையன் தெளிந்துவிட்டான். வலது புருவத்து ஓரத்தில் சொறிந்த இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு குழி.

மறுவருஷம், 2023இல், அக்கிக்கான புதிய தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தது. ஐம்பது வயதுக்கு மேல், இரண்டு தவணை. விலை எங்களுக்குப் பெரிய தொகைதான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போட்டுவிட்டோம். நெல் போட்ட பணம் அதற்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

பையனின் தடுப்பூசி அட்டை என்னிடம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: 2022 பிப்ரவரி, சின்னம்மை. தாத்தாவின் அக்கியிலிருந்து வந்தது. ஐம்பது வயதானதும், 2068இல், அக்கி ஊசி போட்டுக்கொள்ளவும். ஒரு பக்கமாக எரிச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டர்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"ஐம்பத்தொம்பதுன்னும் எழுதிடு பாப்பா" என்றார்.